எல்லாருக்கும் நூற்றிருபதுக்கு எண்பது

கஹவத்தையில் பஸ் ஏறினேன். எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி தாதிப் பயிற்சிக்குப் போகிறவள், வெள்ளைச் சீருடையில் இருந்தாள். மற்றவள் நான்கைந்து வயது மூத்தவள்.

“தோட்டத்து கிளினிக்ல வந்த எல்லாருக்கும் ஒரே பிரஷரத்தான் எழுதினேன், அக்கா” என்றாள் சீருடைக்காரி. நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

“ஏன் அப்படி?”

“எங்க கோர்ஸ்ல அத வீடியோவுலதான் காட்டினாங்க. பத்துத் தடவ பாத்தேன். கையில பட்டிய சுத்திக் காத்தடிச்சு எறக்குறப்ப காதுக் கொழாயில டொக் டொக்னு கேக்கும். கிளினிக் நடந்த புள்ளக்காம்பராவுல, தோட்டத்துக் கொழந்தைங்கள விட்டுட்டுப் போற எடத்துல, வச்சுப் பாக்கிறப்ப ஒண்ணும் கேக்கல. தகரத்துல மழ பேயிற சத்தந்தான்.”

“கேக்கலன்னு கூட வந்த மிஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“எப்படிக்கா? நம்ம லயத்து வீட்டுப் புள்ளன்னு பெருமையா கைய நீட்டுறாங்க. நூத்தி இருவதுக்கு எம்பதுன்னு எழுதிட்டேன். சந்தேகம் வரக் கூடாதுன்னு ரெண்டு மூணு பேருக்கு மட்டும் நூத்தி முப்பது போட்டேன்.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“உங்கம்மாவும் வந்தாங்களா?”

“மொத ஆளா வந்துச்சு. நான் எழுதிக் குடுத்த துண்ட சாமிப் படத்துக்குக் கீழ ஒட்டி வச்சிருக்கு.” சீருடைக்காரியின் குரல் இறங்கியது. “இன்னைக்குக் காலையில தல சுத்துதுன்னு உக்காந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு கூப்புட்டேன். ‘நீதானே நல்லாயிருக்குன்னு எழுதிக் குடுத்த’ன்னு சொல்லிட்டு, கூடைய எடுத்துக்கிட்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருச்சு.”