உப்பிய பேட்டரியும் ரெஜியின் படகும்

குரியச்சன்: இழுக்காதே. கையை எடு ஷைனி. முதல்ல கையை எடு.

ஷைனி: சும்மா ஆட்டிப் பார்த்தேன் சேட்டா... வருதான்னு.

குரியச்சன்: வராது. ஒயரைப் பிடிச்சு இழுத்தா ஒயர் மட்டும்தான் வரும். அப்புறம் ரெண்டு ஒயரும் ஒண்ணோட ஒண்ணு உரசும். அதுக்கப்புறம் நாம இப்படி நின்னு பேசிட்டிருக்க மாட்டோம்.

ஷைனி: பயமுறுத்தறீங்க.

குரியச்சன்: இல்ல, சொல்றேன். ரிமோட் படகை அப்படியே தூக்கு. ரெண்டு கையால. கடைக்குள்ள வேணாம், பத்துப் பதினஞ்சு போன் கழட்டிப் போட்டது கெடக்கு. பின்னாடி வா... அந்தத் தகரக் கொட்டகைக்குக் கீழ, மணல் மேல வை.

ஷைனி: செல்போன் ரிப்பேர் பண்ற ஆளுக்கு இவ்வளவு மணல் எதுக்கு?

குரியச்சன்: இதுக்குத்தான். ம்... உன் வீட்டுக்காரன் ரெஜி எப்போ வர்றான்?

ஷைனி: வெள்ளிக்கிழமை. மஸ்கட்ல இருந்து நேரா கொச்சி. அதுக்குள்ள இந்தப் பேட்டரியை எடுத்துட்டுப் புதுசு ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க. படகை அவர் வெச்சுட்டுப் போன மாதிரியே அலமாரி மேல வெச்சுடறேன்.

குரியச்சன்: அவன் வெச்சுட்டுப் போன பேட்டரி இப்படி பூரியா உப்பினது எப்படி?

ஷைனி: யாருக்குத் தெரியும்? சும்மாதான் இருந்துச்சு. தூசி தட்டலாம்னு எடுத்தேன்...

குரியச்சன்: சும்மாதான் இருந்துச்சு.

ஷைனி: ஆமா.

குரியச்சன்: அப்போ படகுக்குக் கீழ விசிறில சுத்தியிருக்கிறது என்ன?

ஷைனி: தூசி.

குரியச்சன்: பச்சைத் தூசி. ஆகாயத்தாமரை வேர் மாதிரியே ஒரு தூசி. ஈரம்கூட இன்னும் காயலை.

ஷைனி: ...ஒரே ஒரு தடவை. ஓடுதான்னு பார்க்க.

குரியச்சன்: தப்பில்ல. இரு, மீட்டரைச் சொருகறேன்... மூணு செல்லும் முழுசா நிறைஞ்சிருக்கு. ஷைனி, இதை எப்போ சார்ஜ் பண்ணினே?

ஷைனி: நேத்து ராத்திரி.

குரியச்சன்: வெளிய எடுக்க வராத பேட்டரியை எப்படி சார்ஜ் பண்ணினே?

ஷைனி: படகோட சேர்த்துத்தான். ஒயர் நீட்டிட்டு இருக்கில்ல, சொருகினேன். பச்சை விளக்கு வந்துச்சே. பச்சை வந்தா நல்லாத்தானே இருக்குன்னு அர்த்தம்?

குரியச்சன்: வயிறு நிறைஞ்சுதுன்னு அர்த்தம். உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. எங்க வெச்சு சார்ஜ் பண்ணினே?

ஷைனி: ஃப்ரிட்ஜ் மேல.

குரியச்சன்: பக்கத்துல?

ஷைனி: கேஸ் அடுப்பு... ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

குரியச்சன்: ஒண்ணுமில்ல. இங்க எப்படிக் கொண்டு வந்தே?

ஷைனி: காலைல ஏழு மணி சர்வீஸ் போட்ல. ஒரே கூட்டம். நல்லவேளை, உட்கார இடம் கிடைச்சுது. துணிப்பைல போட்டு மடியிலயே வெச்சுக்கிட்டேன். ஒரு அடி படலை.

குரியச்சன்: எத்தனை பேர் இருப்பாங்க போட்ல?

ஷைனி: அறுபது இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைங்களே பாதி... சேட்டா, என்ன? சொல்லுங்க.

குரியச்சன்: சொல்றேன். உட்காரு. அங்க இல்ல, இந்தப் பக்கம், காத்துக்கு எதிர்ப்பக்கம். புறங்கையை வெச்சுப் பார்க்கறேன்... சூடு இல்ல. மடில இருக்கறப்ப சூடு தெரிஞ்சுதா?

ஷைனி: இல்ல.

குரியச்சன்: ஏதாவது வாசனை? இனிப்பா... நகத்துக்குப் போடற சாயம் மாதிரி?

ஷைனி: தேங்காய் எண்ணெய் வாசனைதான்.

குரியச்சன்: தேங்காய் எண்ணெய் எங்க வந்துச்சு இதுல?

ஷைனி: போன வாரமே உள்ள போக மாட்டேன்னுச்சு. கொஞ்சம் எண்ணெய் தடவி அழுத்தினேன். வழுக்கிட்டு உள்ள போயிடுச்சு... சிரிக்கறீங்களா?

குரியச்சன்: சிரிப்பு வந்தா சிரிக்க மாட்டேனா? இருபது வருஷமா இந்தப் பேட்டரிங்களைப் பார்க்கறேன். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச பேட்டரியை இப்போதான் பார்க்கறேன். வெளிய எடுக்கறதுக்கு என்ன தடவினே?

ஷைனி: எதுவும் தடவலை. தோசைக் கரண்டியால நெம்பினேன்.

குரியச்சன்: எந்தப் பக்கம்? காட்டு. விரல் வைக்காம காட்டு.

ஷைனி: இந்த ஓரம். லேசாத்தான். மரம் கீச்சுன்னுச்சு, விட்டுட்டேன்.

குரியச்சன்: விட்டதே பெரிய காரியம். உறை கிழியலை... நசுங்கலும் இல்ல. நல்லது.

ஷைனி: உள்ள காத்துதானே சேட்டா இருக்கு? ஒரு ஊசி எடுத்து லேசா ஒரு குத்து குத்தினா புஸ்ஸுன்னு இறங்கிடாதா? அப்புறம் சுலபமா...

குரியச்சன்: இறங்காது, பத்திக்கும். உள்ள இருக்கிறது நீ ஊதற காத்து இல்ல. செல்லு கெட்டுப்போய் அதுக்குள்ளயே கிளம்பின வாயு. குத்தினா, உள்ளே தகடுங்க ஒண்ணோட ஒண்ணு தொடும். அதோட இந்தப் படகும் போச்சு, இந்தக் கொட்டகையும் போச்சு.

ஷைனி: உப்புத் தண்ணில முக்கிட்டா சரியாயிடும்னு ஒரு வீடியோல...

குரியச்சன்: அதெல்லாம் பழைய வழக்கம். முனைதான் அரிச்சுப் போகும், உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும். காலியாயிடுச்சுன்னு நெனச்சு நீ குப்பைல போடுவே. குப்பை எடுக்க வர்ற ஆளு கையில வெடிக்கும்.

ஷைனி: அப்போ என்னதான் வழி?

குரியச்சன்: ஒரே வழிதான். படகை அறுக்கணும்.

ஷைனி: என்னது?

குரியச்சன்: பேட்டரியைத் தொடக் கூடாதுன்னா படகைத் தொடணும். பேட்டரி உட்கார்ற இந்தத் தொட்டியை ரெஜி அளவெடுத்து, இறுக்கமா செஞ்சு வெச்சிருக்கான். ஒரு விரல் போக இடம் விடலை. மேல்தட்டுல இருக்கற வாசலும் சின்னது. உப்பினது எப்படி வெளிய வரும்?

ஷைனி: சேட்டா, இதை அவர் ரெண்டு லீவு வெச்சு செஞ்சாரு. முதல் லீவுல ஆஞ்சிலிக் கட்டையைச் சீவினாரு, அடுத்த லீவுல ஒட்டினாரு. கல்யாண ஆல்பத்தைக்கூட அப்படித் துடைச்சு வைக்க மாட்டாரு.

குரியச்சன்: தெரியும். பசை நான் வாங்கிக் குடுத்ததுதான்.

ஷைனி: அறுத்தா கத்தி எங்க வரும்?

குரியச்சன்: மேல்தட்டுல. ரெஜி எழுதி வெச்சிருக்கற உன் பேரு மேல.

ஷைனி: என் பேரு மேலயா?

குரியச்சன்: 'ஷை' இருக்கும். 'னி' போகும்.

ஷைனி: விளையாடாதீங்க. பத்து வருஷமா இந்தப் படகை வெச்சுத்தான் எங்க வீட்ல சண்டை. சம்பாதிக்கறதை எல்லாம் தண்ணில விடறீங்கன்னு நான் சொல்லாத நாள் இல்ல. ஒரு தடவை பழைய சாமான்காரனுக்குப் போடறேன்னுகூடச் சொல்லியிருக்கேன். இப்போ அவர் வந்து இதைப் பார்த்தா, வேணும்னே செஞ்சேன்னுதான் நெனப்பாரு.

குரியச்சன்: அப்போ ஓட்டினேன்னு சொல்லிடு.

ஷைனி: அதை எப்படிச் சொல்றது?

குரியச்சன்: ஒரே ஒரு தடவைதானே... ஷைனி, நிறைய தடவை உயிர் போற வரைக்கும் ஓட்டினாத்தான் பேட்டரி இப்படி உப்பும். வேகம் குறையறப்பவே கரைக்குக் கொண்டு வரணும். நடு வாய்க்கால்ல நிக்கற வரைக்கும் விடக் கூடாது. நின்னுச்சா?

ஷைனி: நின்னுச்சு.

குரியச்சன்: எத்தனை தடவை?

ஷைனி: நாலஞ்சு... பக்கத்து வீட்டு வள்ளத்தை எடுத்துட்டுப் போய்க் கொண்டு வருவேன். பேட்டரி கொதிக்கும். ஆறட்டும்னு தண்ணித் தொட்டி மேல வைப்பேன்.

குரியச்சன்: எப்போல இருந்து?

ஷைனி: ஈஸ்டர் நோம்பு ஆரம்பிச்சதுல இருந்து. தினமும் இல்ல. மழை இல்லாத நாள்ல. காலைல அஞ்சரைக்கு. பொண்ணு எழுந்திருக்க ஏழாகும். ஒரு அரை மணி நேரம் ஓட்டுவேன்... அந்த நேரத்துல யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கறதில்ல சேட்டா. சாப்பாடு ஆச்சா, சட்டை எங்க, கரண்ட் பில் கட்டியாச்சான்னு ஒண்ணும் இல்ல. நான் ரிமோட்ல விரலைத் திருப்பினா அது திரும்புது. அவ்வளவுதான்.

குரியச்சன்: ம்.

ஷைனி: சிரிங்க.

குரியச்சன்: இப்போ சிரிப்பு வரலை. எனக்கும் அதுதானே. அதுக்குத்தானே ஞாயித்துக்கிழமை ஆனா ரிமோட் படகு வெச்சிருக்கற அத்தனை பேரும் வாய்க்கால் கரைல நிக்கறோம்.

ஷைனி: வளைவுல திருப்பறப்ப மட்டும் கொஞ்சம் அகலமாப் போயிடும்.

குரியச்சன்: வேகத்தைக் குறைச்சுட்டுத் திருப்பு. அது அப்புறம். இப்போ சொல்லு. நான் பிளேடை எடுக்கட்டுமா, வேணாமா? நீ சரின்னு சொல்லாம நான் தொட மாட்டேன். ஆனா இதைத் திருப்பி உன் மடில வெச்சு போட்ல அனுப்பவும் மாட்டேன்.

ஷைனி: ரெண்டு நாள் இங்கயே இருந்தா அதுவா இறங்கிடாதா?

குரியச்சன்: உப்பினது இறங்கினதா நான் பார்த்ததில்ல. யோசி. அவசரமில்ல. நான் தள்ளி உட்கார்ந்திருக்கேன்.

ஷைனி: பொண்ணு ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து வந்தா... அந்த ஃப்ரிட்ஜைத்தான் திறந்திருப்பா.

குரியச்சன்: ஆமா.

ஷைனி: அறுங்க.

குரியச்சன்: சரி. அந்த எக்ஸ்ரே ஷீட்டை எடு, ஆணில தொங்குது பாரு.

ஷைனி: யாருதிது?

குரியச்சன்: என் முழங்காலு. மரத்துக்கும் பேட்டரிக்கும் நடுவுல சொருகணும். பிளேடு தவறினாலும் என் முழங்கால்லதான் படும். மெதுவா... இன்னும் உள்ள... போதும். இப்போ நீ தள்ளிப் போ. அந்தச் சட்டில மணல் இருக்கா?

ஷைனி: பாதி இருக்கு.

குரியச்சன்: பக்கத்துல வை. ஏதாவது புஸ்ஸுன்னு சத்தம் கேட்டா என்னைப் பிடிச்சு இழுக்காதே, நீ ஓடு. எனக்கு ஓடத் தெரியும்.

ஷைனி: அந்த முழங்காலை வெச்சுக்கிட்டா?

குரியச்சன்: பேசாம இரு. கோடு தப்பும்... ஆஞ்சிலி நல்ல மரம். அறுபடவே மாட்டேங்குது.

ஷைனி: மெஷின் இல்லையா?

குரியச்சன்: இருக்கு. பொறி பறக்கும், சூடாகும். கையாலதான்... இந்த ஓரம் முடிஞ்சுது. அந்த ஓரம் இன்னும் ரெண்டு விரல்... ம். தட்டு வருது. வந்துடுச்சு.

ஷைனி: ஐயோ, எவ்வளவு பெருசா இருக்கு. தலகாணி மாதிரி.

குரியச்சன்: இப்போ அதுக்கு மூச்சு விட இடம் கிடைச்சிருக்கு. அழுத்தாம, ரெண்டு பக்கமும் தாங்கி... இதோ. சட்டிக்குள்ள போச்சு. உன் எண்ணெய்க்கும் ஒரு புண்ணியம், வழுக்கிட்டு வந்துச்சு.

ஷைனி: இனிமே?

குரியச்சன்: மோட்டார் சைக்கிள் லைட்டு பல்பு ஒண்ணை மாட்டி இங்கயே எரிய விடறேன். சார்ஜ் மெதுவா இறங்கட்டும், நான் பார்த்துட்டு இருக்கேன். முழுசா காலியானதும் முனையில டேப்பு சுத்தி, எர்ணாகுளத்துல பழைய பேட்டரி வாங்கற இடத்துல குடுத்துடறேன். புதுசு தர்றேன். ஆனா தொட்டியை அகலம் பண்ணித்தான் தருவேன். ஓட்டி முடிச்சதும் வெளிய எடுத்துடணும். கொஞ்சமா உப்பினாலும் எங்கிட்ட கொண்டு வரணும். எண்ணெய் தலைக்கு மட்டும்.

ஷைனி: சரி. தட்டு?

குரியச்சன்: வியாழக்கிழமைக்குள்ள ஒட்டிடறேன். உன் பேரையும் திரும்ப எழுதிடலாம். ஆனா கோடு தெரியும். வேற யார் கண்ணுக்கும் தெரியாது, ரெஜி கண்ணுக்குத் தெரியும்.

ஷைனி: தெரியும்தான்.

குரியச்சன்: ஒண்ணு பண்ணு. நான் வாங்கிட்டுப் போய் ஓட்டினேன், நான்தான் கெடுத்தேன்னு சொல்லிடு. ரெண்டு நாள் முறைப்பான், மூணாம் நாள் கள்ளுக்கடைக்குக் கூப்பிடுவான்.

ஷைனி: வேணாம் சேட்டா.

குரியச்சன்: எனக்கொண்ணும் இல்ல.

ஷைனி: வேணாம். இந்தத் தடவை நானே சொல்லிடறேன்.

குரியச்சன்: இந்தத் தடவையா?

ஷைனி: நோம்பு சமயத்துல யாரோ அவருக்குப் போன் பண்ணி, உன் படகு வாய்க்கால்ல ஓடுதேன்னு சொல்லிட்டாங்க. அவர் எங்கிட்ட கேட்டாரு. என்ன சொல்றதுன்னு தெரியலை... குரியச்சன் சேட்டன் வந்து எடுத்துட்டுப் போறாரு, நான் எப்படி வேணாம்னு சொல்றதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவை கேக்கறப்பவும் அதையேதான்... மன்னிச்சுக்கோங்க.

குரியச்சன்: தெரியும். ஈஸ்டர் அன்னைக்குக் காலைல கூப்பிட்டான். வாழ்த்து சொல்லத்தான்னு நெனச்சு எடுத்தேன், அரை மணி நேரம் திட்டினான். 'ஆமாடா, நான்தான். நல்ல படகு, சும்மா கெடக்க வேணாமேன்னு எடுத்தேன்'னு சொல்லிட்டேன். அன்னைக்கே உன் வீட்டுக்கு வந்து பேட்டரியைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கணும். உனக்கு சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்.