தடுப்புக்கம்பத்தைத் தடுத்தாட்கொண்டவருக்கு

ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்! ஆர்ன்டால் வாயிற்காவல் வீட்டு அருங்காட்சியகத்தின் நிறுவனரே, நீங்காத் தலைவியே, அன்புக்குரிய மார்லிஸ் டிட்மார் அம்மையாரே! பதினெட்டு ஆண்டுகளாகச் சம்பளம் வாங்காமலும் சலிப்புக் காட்டாமலும் நீங்கள் இங்கே உழைத்த நேரம் இது. காபி குடித்த நேரத்தையும் சேர்க்கச் சொன்னார் நம் தன்னார்வலர் எகோன். சேர்த்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று விட்டுவிட்டோம்.

தடுப்புக்கம்பத்தைத் தடுத்தாட்கொண்டவரே! அமெரிக்கப் படை நம் ஜெர்மன் ஊரைவிட்டுப் போன மறுவாரம், அதன் முகாம் வாயிலின் சிவப்பு வெள்ளைக் கம்பம் பழைய இரும்புக்குப் போகவிருந்தது. முப்பது ஆண்டுகள் அந்த முகாமின் தொலைபேசி இணைப்பகத்தில் அமர்ந்து, இரண்டு மொழிகளில் எல்லோரையும் காத்திருக்கச் சொன்ன நீங்கள், அன்று லாரிக்கு முன்னால் போய் நின்று அதையே சொன்னீர்கள்: "கொஞ்சம் இருங்க தம்பி. இதுக்கு வேற எடம் பாத்து வெச்சிருக்கு." எந்த இடமும் பார்த்து வைக்கவில்லை என்பது லாரிக்காரருக்குத் தெரியாது. ஆறு வாரம் அந்தக் கம்பம் உங்கள் தோட்டத்தில் கிடந்தது. அதன்மேல் அவரைக்கொடி படர்ந்தது. பிறகுதான் நகராட்சி மனமிரங்கி இந்தக் காவல் வீட்டைத் தந்தது.

உள்ளதை உள்ளபடி வைத்தவரே! இரு நாட்டுப் படைகளின் கூட்டுப் பயிற்சிகள், நடன மாலைகள், மே மாதத் திருவிழா என்று நட்பின் காலத்திலிருந்தே காட்சியைத் தொடங்கலாம் என்றோம். நீங்கள் மேசையைத் தட்டினீர்கள்.

"நட்புலேருந்து ஆரம்பிச்சா அது வெளம்பரம். மியூசியம் இல்ல."

அதனால்தான் முதல் கண்ணாடிப் பெட்டியில், 1945இல் போர் முடிவில் அமெரிக்கர்கள் வந்தபோது, சரணடைகிறோம் என்று ஆலை வீட்டு ஜன்னலில் தொங்கிய வெள்ளைப் படுக்கைவிரிப்பு இருக்கிறது. வெள்ளைத்துணி தொங்கவிடுபவரைச் சுடுவோம் என்று அதே வாரம் நம் ஊர்க்காரர்களே ஒட்டிய அறிவிப்பும் அதன் பக்கத்தில் இருக்கிறது. அந்த இரண்டையும் கடந்துதான் யாரும் அடுத்த அறைக்குப் போக முடியும். அந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்துகிறார்கள்.

பூசலுக்கும் சட்டம் போட்டு மாட்டியவரே! ஜெர்மன் படையின் பீரங்கிவண்டி மெக்கானிக் எகோன் ஷால்க். சிப்பாயாக வந்து இவ்வூர் மருமகனாகத் தங்கிவிட்ட அமெரிக்கர் கிளாரன்ஸ் பூன். என்றோ நடந்த இலையுதிர்காலப் பயிற்சியில் பாலத்தைப் பிடித்தது யார் அணி என்பது இவர்கள் வழக்கு.

"நாங்கதான் புடிச்சோம்!" என்பார் எகோன்.

"நீ பாலத்துக்கு அடியில சூப் குடிச்சிட்டு இருந்தப்பா. ஊத்துனதே நான்தான்!"

நீங்கள் இருவரிடமும் எழுதி வாங்கினீர்கள். அந்தப் பயிற்சியில் நசுங்கிய முட்டைக்கோசுக்கு இழப்பீடு கேட்ட விவசாயியின் மனுவையும் தேடி எடுத்து, மூன்றையும் ஒரே சட்டத்தில் மாட்டினீர்கள். "ரெண்டு பேரும் புளுகுறாங்க. ஆனா ரெண்டு பேரும் அங்க இருந்தாங்க," என்றீர்கள். இந்த அருங்காட்சியகம் ஏன் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை எங்களிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.

இந்த மாலை விழா மட்டுமல்ல. நம் சங்கத்தின் பொதுக்கூட்டமும்கூட. கேக்குக்குப் பிறகு தேர்தல். இன்று ஒரு தலைவர் கிடைக்காவிட்டால் சங்கம் கலையும். இந்த வீட்டில் நகராட்சி, சாலைப் பனியை உருக்கும் உப்பு மூட்டைகளை அடுக்கும். ஜெர்மன் பொருட்கள் ஒரு சேமிப்பகத்துக்கும், அமெரிக்கப் பொருட்கள் கடல் தாண்டி இன்னொன்றுக்கும் போகும். சேர்ந்து நடந்த கதையை யாரும் சேர்த்துப் பார்க்க முடியாது. இதற்குப் பயந்தே நீங்கள் ஓய்வை மூன்று முறை தள்ளிப்போட்டீர்கள். இடுப்பு அறுவைச் சிகிச்சையையும் தள்ளிப்போட்டீர்கள். இனியும் தள்ளிப்போட மருத்துவர் ஒப்பவில்லை.

முந்தைய மூன்று கூட்டங்களிலும் "தலைவருக்கு யாரு நிக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். மூன்று முறையும் நாங்கள் எங்கள் காலணிகளைக் கவனமாகப் பார்த்தோம்.

"நான் நின்னா, அமெரிக்கா மறுபடி ஊரப் புடிச்சிருச்சுன்னு பேப்பர்ல போடுவாங்கம்மா," என்றார் கிளாரன்ஸ்.

"எனக்கு இன்ஜினத்தான் அடக்கத் தெரியும். இந்தக் கூட்டத்த அடக்க என்னால ஆகாது," என்றார் எகோன்.

இந்த மாதம் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டீர்கள். ஒருவரைத் தவிர. பட்டறையில் தலைக்கவசங்களின் துருவை நீக்கும் வேதியியல் பட்டதாரி வெப்கேயை எகோன் நினைவூட்டினார்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா?"

"வெப்கேவா? பாவம், விட்டுடுங்க. அது ஹெல்மெட்டோடதான் பேசும்."

எல்லோரும் சிரித்தோம். கதவு திறந்திருந்ததால் பட்டறையில் இருந்தவளும் சிரித்தாள். இந்த மடலை எழுதும் வேலையும் அவளிடமே தள்ளப்பட்டது. எழுதினால் பேசவேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டாள். மேடையேறி வாசிக்கவும் வேண்டும் என்பதைப் பிறகுதான் சொன்னார்கள்.

அம்மையாரே! சிகிச்சை நலமாக முடியட்டும். ஏரிக்கரையை முழுவதும் சுற்றி நடக்கும் கால்கள் திரும்பக் கிடைக்கட்டும். சனிக்கிழமைகளில் சாவியை நினைக்காமல் எட்டு மணி வரை தூங்குங்கள். பல்லாண்டு நலமோடிருந்து, எப்போதாவது சீட்டு வாங்கி உள்ளே வந்து, எங்கள் பிழைகளை உரக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் கட்டணம் உண்டு. இலவசம் என்றால் நீங்கள் வேலை செய்யத் தொடங்கிவிடுவீர்கள்.

நன்றியோடும் நிறைந்த அன்போடும் கையொப்பமிடுவோர்,
வாயிற்காவல் வீட்டின் தன்னார்வலர்கள் அனைவரும்.

கையொப்பங்களுக்குக் கீழே ஒரு வரி மீதமிருந்தது. மற்றவர்களுக்குக் காட்டாமல் எழுதினேன், இப்போது வாசிக்கிறேன். டிட்மார் அம்மா, நீங்கள் என்னிடம் கேட்கவேயில்லை. தலைவர் பொறுப்புக்கு நான் நிற்கிறேன்.