செங்கோட்டையன் கவுண்டரின் கன்னங்கள்

இந்த வருஷம் பங்குனி முடிவதற்குள்ளேயே வெயில் வந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பித்தான் நான் கோயம்புத்தூரில் தொழில் தொடங்கினேன். அந்தக் காற்று இந்த முறை ஏமாற்றிவிட்டது. நீங்கள் கேட்பதற்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. சம்பந்தம் இருக்கிறது.

என் பெயர் கண்ணையா. போலி டாக்டர் என்று உங்கள் ஏட்டு எழுதியிருக்கிறார். அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். டாக்டர் என்று நான் ஒருபோதும் பலகை வைத்ததில்லை. மணிக்கூண்டுக்குப் பக்கத்து மாடியறை வாசலில் ‘முக அழகு நிபுணர், ரங்கூன்’ என்றுதான் எழுதியிருக்கிறது. ரங்கூனில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் வேலை பார்த்தேன். ஒட்டிப்போன முகங்களுக்குள் உருக்கிய மெழுகை ஊசியால் ஏற்றி, ஆறுவதற்குள் விரலால் வடிவம் பிடிப்பது அவர் தொழில். நான் ஊசி கழுவினேன். கழுவுகிறவனுக்கும் கண் இருக்கிறதல்லவா. ஒரு நாள் அவர் அவசரமாகக் கப்பலேறித் தன் ஊருக்குப் போய்விட்டார். ஏன் போனார் என்று நான் விசாரிக்கவில்லை. ஊசிகளும் மெழுகும் அறையில் இருந்தன.

செங்கோட்டையன் கவுண்டர் தை மாதத்தில் என்னிடம் வந்தார். சூலூரில் பருத்திக்காடு உள்ளவர். ஐம்பது தாண்டியவர். கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியபின் கன்னங்கள் இரண்டும் உள்ளே போய்விட்டன. மற்றபடி நல்ல உயரம், நல்ல நெற்றி, கணீரென்ற குரல். ஊர்த் திருவிழா நாடகங்களில் பாடியிருக்கிறார். அப்போது ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டு ஒரு படக் கம்பெனி ராமாயணத்தைப் பேசும் படமாக எடுத்துக்கொண்டிருந்தது. டைரக்டர் அப்புசாமி இவரைத் தசரதனாகப் போடலாம் என்றாராம். கவுண்டருக்குத் தசரதன் வேண்டாம்.

“ஏனுங்க டாக்டருங்க, ரெண்டு பக்கமும் கொஞ்சம் மேடு பண்ணிப்போட்டீங்கன்னாப் போதுங்க. ராமர் வேசம் எனக்குத்தானுங்க,” என்றார்.

“வலிக்குமுங்க.”

“காட்டுல வேகுற உடம்புங்க. வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

வலித்தது. அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பெயர்த்துவிட்டார். ஆனால் ஐயா, அந்தக் கன்னங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் அதற்கு முன் செய்ததெல்லாம் அம்மைத் தழும்பும் மூக்குப் பள்ளமும்தான். இது வேறு. இரண்டும் ஒரே உயரம், ஒரே வளைவு. அவர் சிரித்தபோதும் அசையவில்லை. சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. அவருடைய மனைவி குழந்தையம்மாள் வந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா சாமிக்கு வாங்கி வெச்ச பழமாட்ட இருக்குதுங்க,” என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ராமர் வேஷம் கிடைத்தது. வில்லை உடைக்கும் காட்சியைப் பங்குனிக் கடைசி வெயிலில் வைத்தார்கள். வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளால் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிப்பது அவர்கள் வழக்கம். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் வேறு மெழுகு போட்டிருப்பேன். கவுண்டர் என்னையும் அழைத்துப் போயிருந்தார். வில்லைத் தூக்கிக்கொண்டு அவர் பாட ஆரம்பித்தார். அனுபல்லவியில் வலது கன்னம் தாடைக்கு வந்தது. சரணத்தில் இடது கன்னமும் புறப்பட்டது.

டைரக்டர் பாட்டை நிறுத்தினார். “கவுண்டரே, வாயில வெத்தலை இருந்தாத் துப்பிப்போட்டு வாங்க.”

“வெத்தலை இல்லீங்க.”

“அப்புறம் அது என்னங்க?”

“அது கன்னமுங்க,” என்று நான்தான் பதில் சொன்னேன்.

அப்புசாமி கெட்ட மனிதர் அல்ல. வந்த ஆளைத் திருப்பி அனுப்பவும் அவருக்கு மனமில்லை. அந்த முகத்துக்கு வாலி பொருந்தும் என்றார். வாலிக்குத் தாடை கனத்திருக்கலாமாம். ஒரு வாரம் கழித்து வாலியின் காட்சிக்குப் போனபோது மெழுகு இன்னும் கீழே இறங்கியிருந்தது. டைரக்டர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஜாம்பவான் வேஷம் காலியாக இருக்கிறது என்றார். கரடிக்கு முகம் முழுவதும் உரோமம் ஒட்டிவிடுவார்கள், யாருக்கும் எதுவும் தெரியாது. கவுண்டர் கிரீடத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். வரும் வழியெல்லாம் துண்டால் முகத்தை மூடியிருந்தார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

நான் அவரைக் கைவிடவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். சூலூருக்கு நடையாய் நடந்து, மெழுகை விரலால் மேலே தள்ளி, ஈரத்துணி வைத்துத் தலையோடு சேர்த்துக் கட்டினேன். சூடான காப்பியை நிறுத்தினேன். சோறும் ஆறிய பிறகுதான். பகலில் அவர் தோட்டத்துத் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். கிணற்றடிக்கு வந்த எருமை ஒன்று அவரைப் பார்த்து மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதற்குப் பிறகு அவர் தொட்டியில் இறங்க மறுத்துவிட்டார்.

ஊட்டிக்கும் அழைத்துப் போனேன். குன்னூர் தாண்டியதும் கன்னங்கள் நான் வைத்த இடத்தில் நின்றன. கவுண்டர் சந்தோஷமாகக் கம்பளிச் சால்வை ஒன்று வாங்கிப் போர்த்திக்கொண்டார். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன். பருத்தியை யார் பார்ப்பது என்றார். ரயில் மேட்டுப்பாளையத்துக்கு வந்து சேர்வதற்குள் இடது கன்னம் காதுப் பக்கம் போய்விட்டது. அது ஏன் அந்தப் பக்கம் போனது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பிறகு தோல் சிவந்து கட்டிகள் எழும்பின. காய்ச்சல் வந்தது. ஒரு நாள் குழந்தையம்மாள் தனியாக என் மாடியறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“பெரிய ஆஸ்பத்திரியில காட்டினோமுங்க. மெழுகையெல்லாம் அறுத்து எடுத்துப்போடலாம்னு சொல்றாங்க. தழும்பு நிக்குமாமுங்க.”

“தழும்பு நின்னா முகம் என்னத்துக்குங்க ஆகும்?”

“மூஞ்சி போனாப் போகுதுங்க. மனுசன் இருந்தாப் போதுமுங்க எனக்கு.”

படிக்காத அம்மாள், அப்படித்தான் பேசுவார். நான் கோபப்படவில்லை. ஆனால் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. யாரோ ஒருவர் கத்தியை எடுத்து, நான் விரலால் பிடித்த அந்த வளைவைக் கீறி, உள்ளே இருப்பதைச் சுரண்டிப் பீங்கான் தட்டில் போடுவார். தட்டைக் கழுவ ஒருவன் எடுத்துப் போவான். அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. கவுண்டரிடம் போய், அறுக்கும் முன் மெழுகை நன்றாக இறுக வைத்தால் கொட்டையைப் போலக் கழன்று வந்துவிடும், தழும்பே இருக்காது என்றேன். அவர் நம்பினார். அவர் எப்போதும் என்னை நம்பினார். அவரைப் பற்றி நான் குறை சொல்ல எதுவும் இல்லை.

போத்தனூரில் யாகூப் ஐஸ் பாக்டரி வைத்திருக்கிறார். கள்ளிக்கோட்டையிலிருந்து ரயிலில் வரும் மீனுக்கு அவரிடம்தான் ஐஸ். பின்பக்கம் ஐஸ் பாளங்களை அடுக்கி வைக்கும் அறை ஒன்று உண்டு, சன்னல் இல்லாதது, கதவு ஒரு முழக் கனம். அங்கே மருந்து வைக்க வேண்டும் என்று சாவி கேட்டேன். மீலாது நபி நாளுக்காக ஆட்களுக்கெல்லாம் லீவு விட்டிருந்தார். “வெச்சுக்கங்க டாக்டரே. கதவ மட்டும் நல்லா அடைச்சுப்போடுங்க, ஐஸ் உருகிப்போகும்,” என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். அவர்மேல் குற்றமில்லை.

கவுண்டரை அங்கே அழைத்துப் போனேன். அவர் மீன் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். சால்வையை நான் வாங்கிக்கொண்டேன். கம்பளி உஷ்ணம், கன்னத்துக்கு ஆகாது. மெழுகை மேலே ஏற்றி, இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்து, சரிபார்த்துவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினார். கதவில் வாயை வைத்துக் கேட்டேன்: “கெட்டியாயிருச்சுங்களா?”

“ஆயிருச்சுங்க. திறங்க, குளுரு தாங்க முடியலீங்க.”

‘மறந்துவிட்டாயா, சாவி தொலைந்ததா’ என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்குச் சாதகமாக ஒரு வழி காட்டுகிறீர்கள் என்று புரிகிறது. நன்றி. ஆனால் நான் மறக்கவில்லை. சாவி என் கையில்தான் இருந்தது. திறந்தால் வெளியே சித்திரை வெயில். வெயிலைத் தாண்டி ஆஸ்பத்திரி, கத்தி, பீங்கான் தட்டு. உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. நியாயமாக யோசிக்கிற எவனும் திறந்திருக்க மாட்டான். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு குழந்தையம்மாளைக் கூப்பிட்டார். பிறகு பாடினார் என்று நினைக்கிறேன், கதவு கனம், சரியாகக் கேட்கவில்லை. தட்டும் சத்தம் நின்றபின் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். சால்வையை மடித்து வைத்தேன். அது பத்திரமாக இருக்கிறது, அந்த அம்மாளிடம் கொடுத்துவிடலாம்.

மறுநாள் காலையில் நான்தான் யாகூபுக்குக் கதவைத் திறந்து காட்டினேன். ஓடி ஒளியவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யா அல்லா. என்னங்க பண்ணிப்போட்டீங்க?”

“உள்ள வந்து பாருங்க. கதவச் சாத்திக்கங்க, சூடு வருது,” என்றேன்.

அவர் உள்ளே வரவில்லை. உங்களுக்கு ஆள் அனுப்பினார். நீங்கள் வரும்வரை நான் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கட்டிகள் அடங்கிவிட்டன. சிவப்பு போய்விட்டது. கன்னங்கள் இரண்டும் தை மாதத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தன. ஆஸ்பத்திரியில் இந்தக் குணம் கிடைத்திருக்காது.

கொலை என்ற வார்த்தை உங்களுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்தேதான் பூட்டினேன், தெரிந்தேதான் திறக்காமல் இருந்தேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்க்க வேண்டும். அன்று குழந்தையம்மாளை அடையாளம் காட்ட அழைத்து வந்தீர்களே, நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். அந்த அம்மாள் அழவில்லை. குனிந்து வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்தார். பிறகு உங்களிடம் திரும்பி, “இது அவரு இல்லீங்க. எங்கூட்டுக்காரர எங்கீங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

கூடவே வாழ்ந்த மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை, ஐயா. அத்தனை இளமை வந்திருக்கிறது அவருக்கு.