கிருபாவிளைத் தொட்டியில் தொண்ணூற்றிரண்டு

எனக்கு ஆட்டுக்கறிக் குழம்பு என்றால் கொஞ்சம் கூடுதல் பிரியம், மேடம். அதிலும் அசனக் குழம்பு. ஆலயப் பண்டிகை முடிந்து, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்தக் குழம்பின் ருசி வீட்டு அடுப்பில் வராது. என் மனைவி சாலோமி முப்பது வருஷம் முயன்று பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டாள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் அறிக்கையில் குழம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அறிக்கையை நேற்றுப் படித்தேன். 'விசாரணை அதிகாரி பிரேமலதா' என்று அடியில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் பதினான்காம் பக்கத்தில் ஒரு பிழை. கிருபாவிளைத் தொட்டியின் நீர்மட்டக் கருவி பழுதாகித் தவறான அளவைக் காட்டியிருக்கலாம், ஆகவே இருபதாண்டுத் திட்டத்தைக் கிடப்பில் போடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கருவி ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. அதைத் திருத்திக் கொடுக்கத்தான் வந்திருக்கிறேன். காப்பி வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உங்களுக்குத் தெரியும். தாமிரபரணி மணலில் உறைகிணறு இறக்கி, தண்ணீரை எடுத்து, தெற்கே திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் காடு வரை இருபத்தேழு ஊர்த் தொட்டிகளுக்கு அனுப்புகிறோம். பாளையங்கோட்டையில் அதன் கட்டுப்பாட்டு அறைக்கு நான்தான் பொறுப்பு. எந்த வருஷம் எந்தத் தொட்டியில் எந்தக் கருவி, எந்த வால்வு எப்போது தானே திறந்து தானே மூடும், மனிதர்கள் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று இருபது வருஷத்துக்கும் எழுதி வைத்தவன் இந்த வேதநாயகம். எழுதி முடிக்க ஆறு வருஷம் ஆனது. பிள்ளை இல்லாத எங்களுக்கு அதுதான் பிள்ளை என்று சாலோமி சொல்வாள். கேலியாகத்தான் சொல்வாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

முதல் கருவியைக் கடைக்கோடியில் வைத்துச் சோதிக்கலாம் என்று கிருபாவிளையைத் தேர்ந்தெடுத்தேன். போன வருஷம் மே மாதம் அதைப் பொருத்தப் போன அன்று அங்கே அசனம். சார், சாப்பிட்டுத்தான் போகணும் என்று பிடித்து உட்கார வைத்தார்கள். நன்றாகவே சாப்பிட்டேன், பொய் சொல்லக் கூடாது. ஊர்க்காரர்கள் எல்லாரும் வீட்டுக்கென்று தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் காரில் ஒரு சட்டி வைத்திருந்தேன். சாலோமிக்காக எடுத்துக்கொண்டுபோய் வரிசையில் நின்றேன்.

குழம்புக் கரண்டி தேவதாசன் கையில் இருந்தது. அந்த ஊர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர். ஏறி இறங்கித் தண்ணீர் திறந்துவிடுகிறவர். என் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, சட்டி உள்ளூர் ஆளுக்குத்தான். வெளியூர்க்காரவ வயித்துல கொண்டு போங்க" என்றார்.

ஊரே சிரித்தது. ஆலய உபதேசியார் சிரித்தார். பெண்கள் பக்கத்தில் யாரோ, "வயித்தப் பாத்தா ரெண்டு சட்டி பிடிக்கும் போலுக்கே" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேலிதானே. வெறும் சட்டியோடு காருக்கு வந்தேன். பாளையங்கோட்டை வருகிற வரைக்கும் சட்டி பின்சீட்டில் உருண்டுகொண்டே வந்தது. அவமானத்தில் காது எரிந்தது, மேடம். அந்தக் காந்தல் இன்றைக்கும் அடங்கவில்லை.

இனி என் வேலையைச் சொல்கிறேன். கருவியைப் பழுது பார்க்கும்போது, அது அனுப்புகிற அளவை மறித்துவிட்டுத் திரையில் நாமே ஓர் எண்ணைப் போட்டு வைக்கிற வசதி உண்டு. அரை மணி நேரத்துக்கென்று உண்டானது. நான் பதின்மூன்று மாதம் பயன்படுத்தினேன். தொட்டி எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால்தான் வால்வு திறக்கும் என்பது நம் கணக்கு. கிருபாவிளைக்குக் காலையில் எழுபத்தெட்டு போட்டேன், மத்தியானம் எண்பத்தைந்து, சாயங்காலம் தொண்ணூற்றிரண்டு. ஒரே எண் நின்றால் யாருக்கும் சந்தேகம் வருமே. ஞாயிற்றுக்கிழமை மட்டும், கோயிலுக்கு முன்னால் ஊரே குளிக்கும் என்று அறுபத்தொன்பதுக்கு இறக்குவேன். ஆக, வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர். அவர்களுடைய ஆராதனைக்கு நான் குறுக்கே நின்றதில்லை.

குழாயில் போகிற தண்ணீரை அளக்கிற மீட்டர் இருந்தால் குட்டு உடைந்திருக்கும். அதைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளி வைத்தேன். நீண்டகாலத் திட்டத்தில் இது ஒரு வசதி. எதை யாரும் பார்க்கக் கூடாதோ அதை மூன்றாம் கட்டத்தில் வைத்துவிடலாம். எவரும் அங்கே வரை படிப்பதில்லை. நீங்களும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு வாரத்தில் தேவதாசன் போன் செய்தார்.

"சார், தொட்டில முழங்கால் தண்ணிகூட இல்ல சார்."

"திரையில் தொண்ணூற்றிரண்டு காட்டுது, தேவதாசன்."

"திரைல கோரிக் குடிக்க முடியாதுல்லா சார். ஒருக்க வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். போகிற அன்று காலையிலேயே எண்ணை எடுத்துவிட்டு, தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் போனேன். ஊர்க்காரர்கள் முன்னால் குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தேவதாசன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். நான் யாரையும் குறை சொல்லவில்லை. "தண்ணீர் இங்கே வரைக்கும் சரியாக வருகிறது. அதற்கு மேல் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

மிச்சத்தை ஊரே பார்த்துக்கொண்டது. தேவதாசன் பக்கத்துத் தென்னந்தோப்புக்குத் தண்ணீரைத் திருப்பி விடுகிறார் என்று பேச்சு கிளம்பியது. அவர் வீட்டு வாசலில் காலிக் குடங்களை உருட்டிவிட்டார்கள். நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதில்லை. தாகத்தைவிட இதுதான் அந்த மனிதரை அரித்தது என்று பிறகு தெரிந்தது.

அடுத்த மே மாதம் அசனம் வந்தது. தண்ணீர் இல்லாமல் அசனமா? உபதேசியார் என்னைத் தேடிப் பாளையங்கோட்டைக்கே வந்தார். நான் மூன்று நாள் முழுத் தண்ணீர் கொடுத்தேன். அழைப்பின் பேரில் போனேன். அந்த வருஷம் தேவதாசனிடம் கரண்டியைக் கொடுக்கவில்லை. கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். என் தூக்குச்சட்டியை மூடி நிற்காத அளவுக்கு நிரப்பிக் கொடுத்தார்கள். சாலோமி இரண்டு நாள் சுட வைத்துச் சாப்பிட்டாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த ஒரு வருஷத்தில், ஆள் இல்லாமல் அருமையாக நடந்த ஊர் என்று திட்ட அறிக்கையில் கிருபாவிளையைத்தான் முதல் உதாரணமாக எழுதியிருந்தேன். எண்ணை எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒப்புதல் கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. இருபது வருஷத் திட்டத்துக்கு முன்னால் ஒரு மாதம் என்ன பெரிதா?

இப்போது ஏணி. தொட்டியின் இரும்பு ஏணியில் மேலிருந்து நான்காவது படி பற்றவைப்பு விட்டு ஆடுகிறது என்று தேவதாசன் ஜனவரியிலேயே சொன்னார். பழுது பார்க்கும் பட்டியலில் இருந்தது. நான் அடித்துவிட்டேன். பார்ப்பதற்குத்தான் கருவி இருக்கிறதே, மனிதன் எதற்கு ஏற வேண்டும்?

ஜூன் இருபத்தாறு, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு அவர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் தொட்டிச் சாவியை ஒப்படைக்க ஊரார் சொல்லிவிட்டார்களாம்.

"எனக்கு இந்த வேலைகூட வேண்டாம் சார். எம் மவ ஜெர்லினுக்கு மாப்பிள பாக்குதோம். திருட்டுப்பய மவளுன்னு சொல்லுதாவ சார். நான் களவாணி இல்லன்னு ஊருக்குத் தெரிஞ்சாப் போதும். இப்ப ஏறி, தொட்டிய போட்டோ பிடிச்சு அனுப்புதேன். நீங்க பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க."

போட்டோ வந்தால் நான் முடிந்தேன், என் திட்டமும் முடிந்தது. நான் பதறவில்லை. "போட்டோ என்றால் வேறு தொட்டியில் எடுத்தது என்பார்கள், தேவதாசன். வீடியோவில் கூப்பிடுங்க. கீழே இருந்து ஏறுகிறதையும் விடாமல் காட்டுங்க. அப்போதுதான் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது" என்றேன்.

"ஒரு கையாலயா ஏறணும் சார்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

போன் திரையில் செம்மண் தெரிந்தது, பிறகு பனைமரத் தலைகள், பிறகு அவருடைய சட்டை. பக்கத்துப் பெரிய திரையில் கிருபாவிளை எழுபத்தெட்டில் நின்றது. படியை எண்ணிக்கொண்டே ஏறினார். ஆடுகிற படி அவருக்கும் தெரியும், அதைத் தாண்டிக் கால் வைக்க இரண்டு கையும் வேண்டும் என்று எனக்கும் தெரியும். பிறகு வானம் மட்டும் தெரிந்தது, வெகு நேரம். நான் அழைப்பைத் துண்டித்துவிட்டு, முதல் வேலையாக என் எண்ணை எடுத்தேன். உடனே கருவி பதினொன்று என்று காட்டியது.

தேவதாசன் ஒரு மூங்கில் கம்பில் கோடு போட்டு, ஏறுகிற நாளெல்லாம் தண்ணீரை அளந்து நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை ஜெர்லின்தான் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள். கருவி தன் போக்கில் பதிவு செய்து வைத்திருக்கிற அசல் அளவுகளும் இந்த உறையில் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் கம்பும் என் கருவியும் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அதனால்தான் பதினான்காம் பக்கத்தைத் திருத்தச் சொல்கிறேன். பொய் சொன்னது நான். கருவிக்கும் திட்டத்துக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், என்னை ஏதோ கொலைகாரன் போலப் பார்க்கிறீர்கள். அவர் முதல் படியில் கால் வைத்தபோது நான் சொன்ன கடைசி வார்த்தை, "பைய ஏறுங்க, தேவதாசன்." கெட்ட எண்ணம் இருக்கிறவன் அப்படிச் சொல்வானா, மேடம்?