மூன்று விநாடிப் படம்

முதல் கடிதத்திலேயே படம் வைக்கக் கூடாது என்று எங்கள் தொழிலில் பலர் சொல்வார்கள். நான் வைப்பேன். முன்பின் தெரியாதவர் அனுப்பும் மின்னஞ்சலை யாரும் படிப்பதில்லை, ஐயா. அதில் ஏதாவது அசைந்தால் மட்டும் கண் ஒரு கணம் நிற்கும். மூன்று விநாடி போதும். முடிந்ததும் படம் தானாகவே மறுபடி தொடங்கிவிடும்.

நான் விற்றது குளியலறையில் போடும் வழுக்காத ரப்பர் விரிப்பு. மருத்துவமனைகள், விடுதிகள், முதியோர் இல்லங்கள் என்று ஒரு பட்டியல் தருவார்கள். வீட்டிலிருந்தபடியே தினமும் நூற்றைம்பது பேருக்கு எழுத வேண்டும். மேலாளரின் முகத்தை இரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. சில வாரங்களில் ஒருவர்கூடப் பதில் போடமாட்டார். 'இனிமேல் எழுதாதீர்கள்' என்று யாராவது கடிந்து எழுதினால் அதை இரண்டு முறை படிப்பேன். என் பெயரைப் போட்டு எழுதியிருப்பார்கள் அல்லவா.

வீட்டில் நானும் அக்காவும்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அக்கா ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். "ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர் எனக்கு ஹலோ சொல்வாங்கடா. உனக்கு ஒருத்தன்கூட சொல்ல மாட்டேங்கிறானே" என்பாள். விளையாட்டுக்குத்தான் சொல்வாள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் படத்தில் அக்கா சமையலறை வாசலில் நின்று கையசைத்தாள். அந்த வாரம் ஒன்பது பதில்கள் வந்தன. உங்கள் அம்மாவா, களையாக இருக்கிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். அக்கா அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு "அம்மாவாம்ல" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டாள். அன்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

ஒரு மாதத்தில் அதுவும் ஓய்ந்துவிட்டது. விரிப்பு விற்கிறவன் வழுக்குவதைத்தானே காட்ட வேண்டும் என்று தோன்றியது. மெத்தையைப் போட்டு அக்காவை விழச் சொன்னேன். முனகிக்கொண்டே நாலு முறை விழுந்தாள். அதற்கு ஒரே ஒரு பதில் வந்தது, ஒரு விடுதியின் துப்புரவு மேற்பார்வையாளரிடமிருந்து. நிஜமாக விழுகிறவர்கள் விழப்போகும் இடத்தைப் பார்த்துவிட்டு விழமாட்டார்கள் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரிதான். நன்றி சொல்லி எழுதினேன்.

அதனால் அடுத்த முறை அக்காவிடம் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவள் துணி ஊறவைக்க வருவதற்கு முன் குளியலறைத் தரையில் ஷாம்புவைப் பரப்பினேன். நிறைய இல்லை, அரை பாட்டில். கைபேசியை அலமாரியில் துண்டுகளுக்கு நடுவே சாய்த்து வைத்தேன். மிஞ்சிப்போனால் இடுப்பு வலிக்கும், இரண்டு நாள் என்னோடு பேசமாட்டாள் என்று நினைத்திருந்தேன். குழாயை நான் யோசிக்கவில்லை.

கீழே கிடந்தபடி என்னைக் கூப்பிட்டாள். "இரு அக்கா, வரேன்" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டேன். படம் நன்றாக வந்திருந்தது. தலை குழாயில் படுவதற்குச் சற்று முன்னால் வெட்டினேன். அதைப் போய் மற்றவர்களுக்குக் காட்டக் கூடாது. ஒன்பது மணிக்குள் போய்ச் சேரும் கடிதங்களைத்தான் திறப்பார்கள் என்பதால் நூற்றைம்பதையும் முதலில் அனுப்பினேன். அவள் இரண்டாவது முறை கூப்பிட்டது மெதுவாகத்தான் கேட்டது.

எத்தனை மணிக்கு விழுந்தார் என்று மருத்துவர் கேட்டார். ஒன்பதே கால் என்றேன். அது நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்த நேரம். விழுந்தது எட்டரைக்கு.

அன்று மாலைக்குள் நாற்பத்தொரு பதில்கள் வந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எழுதினேன். பொழுது போனதே தெரியவில்லை. மூன்றாம் நாள் அக்கா இறந்துபோனாள். அதை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.

பதில் போட்டவர்களில் ஒரு முதியோர் இல்லத்தின் தலைமைச் செவிலியும் இருந்தார். விலையைக் கேட்கவில்லை. படத்தில் விழும் அம்மா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டிருந்தார். நன்றாக இருக்கிறார், அவர் நடிகை என்று எழுதினேன். மறுநாள் திரும்பவும் எழுதினார். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம்.

"முப்பது வருஷமா விழுறவங்களத் தூக்கிட்டு இருக்கேன். இது நடிப்பு இல்ல. அவங்க கதவுப் பக்கம் கை நீட்டுறாங்க. அங்க நிக்கிறது யாரு?"

அவ்வளவு கவனமாக என் படத்தை யாரும் பார்த்ததில்லை. அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. நான்தான் என்று எழுதினேன். கை எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தேன், என் சட்டை படத்தில் விழக்கூடாது என்பதற்காக ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டேன் என்றும் எழுதினேன். ஷாம்புவைப் பற்றியும் எழுதினேன். அந்தக் கடிதத்தைத்தான் அவர் உங்களிடம் கொடுத்திருக்கிறார். இந்த ஸ்டேஷனில் உங்கள் மேசையில் இருக்கிறதே, அதுதான்.

அதன் பிறகு அவருக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. முதியோர் இல்லம் என்றால் வேலை நிறைய இருக்கும்.