அண்ணி சொன்ன பேரு

"அண்ணன் பேர வாயால சொல்றாங்கன்னா அது எங்க அண்ணியே இல்லக்கா."

கோப்பெங்கிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரி இதைச் சொல்லிவிட்டு, கைப்பேசியில் வந்திருந்த குரல்பதிவை ஓடவிட்டுப் பக்கத்தில் இருந்த அக்காவின் காதில் வைத்தாள். எனக்கும் கேட்டது: "மாரிமுத்துவுக்கு முடியலம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒடனே வா."

"கொரல் அவங்களோடதுதானே?"

"அதேதான். இப்பதான் கொரலையே கம்ப்யூட்டர்ல செஞ்சி ஏமாத்துறானுங்களேலா."

"போன் போட்டியா?"

"எடுக்கல. மகனுக்கு அனுப்பி, நெசமா பொய்யான்னு பாருடான்னேன். அவன் வேலையில இருக்கான், இன்னும் தொறக்கவே இல்ல." மறுபடி ஓடவிட்டாள். "எறங்கித் திரும்பிடலாமாக்கா?"

"பொய்யின்னா ஈப்போவுக்குச் சும்மா ஜாலான் போயி சுத்திட்டு வந்ததா இருக்கட்டும். உக்காரு."

"கிளினிக்ல பேரு கேட்டாக்கூட அண்ணனோட ஐசி கார்டத்தான் நீட்டுவாங்க. வாயத் தொறக்க மாட்டாங்க."

"ஏனாம்?"

"புருசன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறஞ்சிடும்னு பயம்லா."

"அப்ப இன்னிக்கு மட்டும் எப்படிச் சொன்…"

அக்கா முடிக்கவில்லை. இவள் அக்காவையே பார்த்தாள். ஈப்போ வரும்வரை அந்தக் குரலை அவள் திரும்ப ஓடவிடவே இல்லை.