காலையில் செய்த சத்தியம்

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி. நியூ ஆர்லியன்ஸின் ஈரம் என் முழங்காலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. படியேறி வந்ததில் சற்று மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். தண்ணீர் வேண்டாம் போதகர் ஐயா, காப்பி குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மூப்பர்களே, என்னை விசாரணைக்கு அழைத்ததில் எனக்கு மனக்கசப்பு இல்லை. லெமுவேல் ஸ்ட்ரோதர் வேதாகமத்தின் மேல் கை வைத்துப் பொய்ச்சத்தியம் செய்தான் என்று குற்றச்சாட்டு. அது தீரும்வரை திருவிருந்தில் சேரக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். நியாயம்தான். பொய்ச்சத்தியம் செய்தவனோடு ஒரே மேசையில் அப்பம் வாங்க எனக்கும் மனம் வராது. ஆனால் எல்லோரும் எழுந்து முன்னால் போக, நான் மட்டும் இருக்கையில் உட்கார்ந்திருந்தது வேதனையாக இருந்தது. என் மனைவி ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு வேறு வழியில்லை. அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கோடையில் வர்ஜீனியாவில் அடிமை ஆட்களை வாங்குகிறேன், குளிர்காலத்தில் இங்கே விற்கிறேன். அங்கே புகையிலை போட்டுப் போட்டு மண் செத்துவிட்டது, ஆட்கள் மிச்சம். இங்கே கரும்புக்கும் பருத்திக்கும் ஆள் போதவில்லை. இந்த மேசையைச் சுற்றி இருப்பவர்களில் என்னிடம் வாங்காதவர் போதகர் ஒருவர்தான். அவர் வீட்டுச் சமையற்காரிகூட அவருடைய மாமனார் என்னிடம் வாங்கிக் கொடுத்தவள். அவள் வைக்கும் நண்டுக் குழம்பைப் பற்றிப் போதகர் புகழ்ந்து பேசியிருக்கிறார்.

என் கொட்டடியில் யாரையும் பட்டினி போடுவதில்லை. சோளரொட்டி, பன்றிக்கறி, வெண்ணெய், எல்லாம் உண்டு. ஆண்களுக்கு நீலக் கோட்டு, பெண்களுக்குப் பூப்போட்ட கவுன். மற்ற வியாபாரிகள் நரைத்த தலைக்கு மை பூசுவார்கள், முதுகில் சவுக்குத் தழும்பு இருந்தால் மறைப்பார்கள். நான் செய்வதில்லை. தழும்பு இருந்தால் சட்டையைக் கழற்றி நானே காட்டிவிடுவேன். ஸ்ட்ரோதரிடம் வாங்கினால் சொன்னது சொன்னபடி இருக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைச் சம்பாதிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கெசியாவையும் அவள் மகள் வைனியையும், முதலாளி இறந்துபோன ஒரு பண்ணையின் ஏலத்தில் வாங்கினேன். கெசியா இஸ்திரி போடுவதில் கைதேர்ந்தவள். அவளுடைய புருஷனும் அதே ஏலத்தில் நின்றான், தச்சன். அவனை ஜார்ஜியாக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். வைனிக்கு எட்டு வயது, முன்பற்கள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன. கப்பலில் வரும்போதே கெசியா இரும ஆரம்பித்தாள். இங்கே இறங்கியபோது அவள் வாயைத் துடைத்த துணியில் ரத்தம் இருந்தது.

அதை நான் மறைக்கவில்லை. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் இவளுக்கு நெஞ்சுநோய் என்று வாய்விட்டுச் சொன்னேன். அதனால் யாரும் வாங்கவில்லை. பிறகு திருமதி ஃபோர்ஷே வந்தார். வைனி தரையில் சிந்திக் கிடந்த குண்டூசிகளைப் பொறுக்கி வரிசையாகத் துணியில் குத்திக்கொண்டிருந்தாள். அம்மையாருக்கு அது பிடித்துப்போயிற்று.

"இந்தக் குட்டி என் ரூம்ல இருக்கட்டும்" என்றார். "இருமறவள நீயே வச்சுக்கோ."

அங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக் கூடாது என்று இந்த லூசியானாவில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். வர்ஜீனியாவில் இந்த இளகின மனசெல்லாம் கிடையாது. தாய் இறந்துபோன பிள்ளை என்றால் விற்கலாம், ஆனால் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். என் குமாஸ்தா கெய்ன்ஸ் சுலபமான வழி சொன்னான்.

"பத்து வயசுன்னு சொல்லிடுங்க சார். ஊரே அப்படித்தான் சொல்லுது. பல்லப் புடிச்சா பாக்கப் போறாங்க?"

"எட்டப் பத்துங்கறது பொய்டா."

"அப்ப என்னதான் செய்யப் போறீங்க?"

"காத்திருக்கப் போறேன்" என்றேன்.

காத்திருந்தேன். டாக்டரை வரவழைத்தேன், என் செலவில். வாரக் கடைசியைத் தாண்ட மாட்டாள் என்றார். தாண்டினாள். மறுபடி வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு நெஞ்சை வைத்துக்கொண்டு எப்படி மூச்சு விடுகிறாள் என்று தெரியவில்லை என்றார். எனக்குத் தெரிந்தது. கொட்டடிக்குள் இருப்பவர்களுக்குச் சட்டம் வக்கீல்களைவிட நன்றாகத் தெரியும். தான் உயிரோடு இருக்கும்வரை மகளைக் கொண்டுபோக முடியாது என்று கெசியாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் சாப்பிட ஆரம்பித்தாள். மற்றவர்கள் தங்கள் தட்டிலிருந்து கறியை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். அதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தேன்.

ஒருநாள் நானே போய் விசாரித்தேன்.

"எப்படி இருக்கே?"

"இருக்கேன் தொரை. அதான் என் வேலையே இப்ப."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் வாயாடி.

"வைனிக்குப் பத்து முடிய இன்னும் எவ்வளவு நாளு தொரை?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்ப ரெண்டு வருஷம் இருக்கேன்."

"யார்கிட்டக் கேட்டுக்கிட்டு?" என்றேன் விளையாட்டாக.

"உங்ககிட்ட கேக்கற விஷயம் இல்ல தொரை அது" என்றாள். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அதனால் நானும் ஒன்றும் செய்யவில்லை.

திருமதி ஃபோர்ஷே பொறுமை இழந்தார். மறுநாள் படகில் தோட்டத்துக்குக் கிளம்புவதாகவும், வைனி கிடைக்காவிட்டால் வேறு கடையில் பார்த்துக்கொள்வதாகவும் ஆள் அனுப்பினார். அன்று கெசியாவுக்கு வாய்வழியாக நிறைய ரத்தம் போயிருந்தது, கண் திறக்கவில்லை. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, விடியும்போது இருக்க மாட்டாள் என்று உறுதியாகச் சொன்னார். படித்தவர் சொல்லை நம்பினேன். விடிந்ததும் நேராக நோட்டரியிடம் போனேன். போகும் முன் அவள் அறையை எட்டிப் பார்த்திருக்கலாம். சாவு விழுந்த அறையில் காலையிலேயே தலைகாட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே தவறு அது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

நோட்டரியின் முன்னால் வேதாகமத்தின் மேல் கை வைத்து, வைனி என்னும் சிறுமியின் தாய் இறந்துவிட்டாள் என்று சத்தியம் செய்தேன். மூப்பர் ப்ரூயிட் அங்கே வேறு வேலையாக உட்கார்ந்திருந்தார், காதால் கேட்டார். ஆனால் நோட்டரி அடுத்துச் சொன்னதை அவர் கேட்காமல் எழுந்து போய்விட்டார்.

"சாயங்காலம் அந்த அம்மா வந்து கையெழுத்துப் போட்டதும் முத்திரை வைப்பேன்" என்றார் நோட்டரி. "அதுக்குள்ள ஏதாவது மாத்தம் இருந்தா வந்து சொல்லுங்க, அடிச்சுடலாம். முத்திரை விழுந்துட்டா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நான் கொட்டடிக்குத் திரும்பும்போது மத்தியானம். கெசியா முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். வைனி அவள் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தாள். ப்ரூயிட்டும் நின்றிருந்தார், கொல்லன் ஒருவனை விலை பேச வந்தவர். அவர் கெசியாவிடம் நீ யார் என்று கேட்டிருக்கிறார்.

"வைனியோட அம்மா தொரை" என்றிருக்கிறாள் அவள்.

ப்ரூயிட் என் பக்கம் திரும்பினார். நான் மறக்க மாட்டேன். கெய்ன்ஸ் இருந்தான், மற்ற ஆட்கள் இருந்தார்கள்.

"என்ன பிரதர், காலைல செத்தவங்க மத்தியானம் காப்பி குடிக்கறாங்களே" என்றார். "உங்க சரக்குல இப்படியும் ஒரு ரகம் உண்டா?"

முப்பது வருஷத் தொழிலில் என்னை யாரும் பொய்யன் என்று சொன்னதில்லை. காது சூடேறிவிட்டது. அவர் போன பிறகு அலுவலறையில் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தேன். நோட்டரியிடம் போய்ச் சொன்னதை அடிக்கச் சொல்லலாம். ஆனால் அடித்தால் நான் காலையில் சொன்னது பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். ஊர் சிரிக்கும். முத்திரை விழும்வரை சத்தியம் முடிந்துபோகவில்லை. முத்திரை விழும்போது நான் சொன்னது உண்மையாக இருந்தால் போதும். எனக்குச் சாயங்காலம்வரை நேரம் இருந்தது.

கெய்ன்ஸிடம் வைனியைச் செருப்பு வாங்க அழைத்துப் போகச் சொன்னேன். கெசியாவை உள்ளே வந்து படுக்கச் சொன்னேன், வெயில் ஆகாது என்று. அது உண்மையும்கூட. டாக்டர் வைத்துவிட்டுப் போன தூக்க மருந்து புட்டி நிறைய இருந்தது. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கசப்புத் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் வெல்லப்பாகும் விட்டு எடுத்துப் போனேன்.

"வைனி எங்க தொரை?"

"செருப்பு வாங்கப் போயிருக்கா."

"எதுக்குச் செருப்பு?"

"போற எடத்துக்கு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நான் இருக்கேனே தொரை. நான் இருக்கறப்ப எப்படிப் போவா? சட்டம் இருக்கே."

"இருக்கு" என்றேன். "இதக் குடி, இருமல் நின்னுடும்."

கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"குடிச்சா நாளைக்கு எழுந்திருப்பேனா?"

இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எழுந்திருப்பாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் குடித்திருப்பாள். தூக்கத்திலேயே, ஒரு சிரமமும் இல்லாமல் போயிருப்பாள். பிறகு பலமுறை இதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் சாகப்போகிற ஒருத்தியிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாட்டே" என்றேன்.

அவள் கிண்ணத்தைச் சிந்தாமல் தரையில் வைத்தாள். "அப்ப வேணாம் தொரை" என்றாள்.

அதனால் தலையணையைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. நாள்கணக்கில் ரத்தம் கக்கியவளுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று அந்த டாக்டரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். என் முழங்காலால் அவள் கையை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது, இந்த வலி அப்போது வந்ததுதான். நடுவில் ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளின் பெயரைச் சொன்னாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவளுக்காகக் கொடுத்த பணத்தையும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளை விலை கொடுத்து வாங்கியவன் நான், நட்டமும் என்னுடையது.

சாயங்காலம் திருமதி ஃபோர்ஷே கையெழுத்துப் போட்டார். நோட்டரி முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"காலைல சொன்னது அப்படியேதானே?"

"அப்படியேதான்" என்றேன். அதில் எழுத்துப் பிசகு சொல்ல யாராலும் முடியாது.

வைனி புதுச் செருப்போடு வந்து அம்மா எங்கே என்று கேட்டாள். வேறு யாராக இருந்தாலும் அம்மா பின்னால் வருவாள் என்று ஏதாவது கதை சொல்லி வண்டியில் ஏற்றியிருப்பார்கள். நான் உள்ளதைச் சொன்னேன்.

"செத்துப்போயிட்டா."

"மத்தியானம் சிரிச்சாங்களே தொரை."

"ஆமா, சிரிச்சா" என்றேன். குழந்தை நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. கெய்ன்ஸ் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான்.

இவ்வளவுதான் மூப்பர்களே. பொய்ச்சத்தியம் என்ற குற்றச்சாட்டுக்கு இதுதான் என் பதில். நோட்டரியைக் கேட்டுப் பார்க்கலாம், முத்திரை எப்போது விழுந்தது என்று அவர் சொல்வார். கெய்ன்ஸைக் கேட்கலாம், சவப்பெட்டிக்கு எப்போது ஆள் அனுப்பினேன் என்று சொல்வான். எது முந்தி, எது பிந்தி என்பதில் ஒரு குழப்பமும் இருக்காது. மூப்பர் ப்ரூயிட் மேசையைவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார், என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. அவருக்கு அவ்வளவு சங்கடம் வேண்டாம். ஒரு நல்ல மனிதன்மேல் வீணாகப் பழி சொல்லிவிட்டோமே என்று யாருக்கும் இருக்கத்தான் செய்யும். நான் அவரை மன்னித்துவிட்டேன்.